கரகரப் பெட்டிக்கு ஒரு பொட்டு

போன செவ்வாய்க்கிழமை பென்னாகரம் பஸ்ஸில் எனக்கு ஒரு அவமானம் நேர்ந்தது.

நல்ல கூட்டம். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். என் கால், கீழே இருந்த ஒரு கோணி மூட்டையில் நன்றாகவே இடித்துவிட்டது. நான் என்ன செய்தேன்? நீங்கள் என்ன செய்வீர்களோ அதைத்தான். சட்டென்று குனிந்து, மூட்டையைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மூட்டைக்குச் சொந்தக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“உள்ள புஸ்தகமுங்களா?” என்றேன், பணிவாக.

“இல்லீங்க... செருப்பு. சந்தைக்கு எடுத்துட்டுப் போறங்க.”

முன் சீட்டிலிருந்து கண்டக்டர் வரைக்கும் சிரித்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால் ஜன்னல்கூடப் பக்கத்தில் இல்லை. இறங்கும்வரை டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் சொன்னேன். என் மனைவி என்பவள் ஆறுதல் சொல்ல வேண்டாமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செருப்பு மூட்டை இருக்கட்டும்... மாதேஷ் அண்ணன் பெட்டி விஷயத்தை மட்டும் நீங்க பேப்பர்ல எழுதவே மாட்டேங்கறீங்களே, ஏன்?” என்றாள்.

ஏன் என்று அவளுக்கும் தெரியும். அந்த விஷயத்தில் குற்றவாளி நான். நாலு வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். பஸ்ஸில் போனது போக மிச்சம் இருக்கிற மானத்தையும் இன்றைக்கே கொடுத்துவிடுகிறேன்... எழுதித் தொலைக்கிறேன்.

என்னை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பகலில் நான் தர்மபுரியில் ஒரு அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலம் ஆனால் சால்டரிங் இரும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் பைத்தியம். மழைக்காலத்தில் மட்டும் பாடும் ரேடியோ, திருடன் வந்தால் வாயை மூடிக்கொள்ளும் திருட்டு மணி என்று என்னுடைய சாதனைகளை இதே பக்கத்தில் அளந்திருக்கிறேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சோறு விழுந்ததைவிட ஈயம் விழுந்தது அதிகம் என்பது பிலோமினாவின் புகார். அதில் பொய் இல்லை.

மாதேஷ் யார் என்று சொல்கிறேன். முழுப்பெயர் மாதேஸ்வரன். லாரி டிரைவர். பெங்களூருக்கு லோடு அடிப்பவர். போய்ப் போய் வந்து பாதி கன்னடம் ஒட்டிக்கொண்டது. எந்த வேலை முடிந்தாலும் “ஆயித்து” என்பார். சாப்பிட்டாச்சா என்றால் ஆயித்து. லோடு இறக்கியாச்சா என்றால் ஆயித்து. அப்படி ஒரு தடவை பெங்களூர் போனபோது, பழைய எலக்ட்ரிக் கிடார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார். எங்கள் கோயில் பாடகர் குழுவில் கிறிஸ்துமஸுக்குக் கிடார் வாசிக்க ஆள் இல்லாமல் நாங்கள் முழித்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியிலிருந்து இறங்கி வந்து வாசித்தவர் அவர்தான். நெற்றியில் விபூதியோடு மூன்று வருஷம் ஏசு பிறப்பைக் கொண்டாடினார். பங்குச் சாமியாரே கைதட்டினார்.

கோவிந்தன் என்பவர் நடத்தும் மெல்லிசைக் குழுவிலும் மாதேஷ்தான் கிடார். ஞாயிறு, விசேஷ நாள் என்றால் கச்சேரி. ஒருநாள் அவரிடம் கேட்டேன். “லாரி ஓட்டி அலுத்து வர்ற ஆளு. லீவு நாள்ல கால நீட்டிப் படுக்காம இது எதுக்கு?”

“லாரி வயித்துக்குங்க சார். இது எனக்கு.”

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அப்புறம்தான் அது நடந்தது. புளி மூட்டை இறக்குகிற இடத்தில், லாரியின் பின்பக்கக் கதவு கொக்கி நழுவி, இடது கையில் விழுந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன்.  அவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, “ஆயித்துங்க சார்” என்றார். சிரிக்கத்தான் முயற்சி செய்தார். முடியவில்லை. 

லாரியை மூன்று விரலால் ஓட்டிவிடலாம். ஓட்டினார். கிடாரில் இடது கைதானே கம்பியை அமுக்குகிற கை? ஐந்தாறு கம்பியை ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் பாட்டுக்குப் பின்னால் நிறைவாகச் சத்தம் வரும். கட்டை விரல் பின்னால் பிடிக்க, மிச்சம் இருப்பது இரண்டே விரல். இரண்டு கம்பிதான் முடியும். சத்தம் மெலிந்து நின்றுபோகும். கிடாரைத் துணி சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். அவர் மனைவி சரோஜா வந்து பிலோமினாவிடம் அழுதாள். “வூட்டுல பேச்சே இல்லீங்க அக்கா. லோடு இருந்தா போறாரு. இல்லைன்னா செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறாரு.”

இங்கேதான் என் மூக்கு உள்ளே நுழைகிறது.

அந்தச் சமயத்தில் சினிமாப் பாட்டுகளில் கிடார் ஒரு மாதிரி கரகரக்க ஆரம்பித்திருந்தது. கவனித்திருப்பீர்கள். கிடாரா, நாதஸ்வரமா, தேனீக் கூட்டமா என்று தெரியாத ஒரு சத்தம். பெங்களூர் நடைபாதையில் வாங்கிய பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் அந்தச் சத்தத்துக்கான படம் இருந்தது. ஃபஸ் பாக்ஸ் என்று பெயர். இரண்டே டிரான்சிஸ்டர், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வைக்க வேண்டும். தேவைப்படும்போது காலால் ஒரு மிதி... கரகரப்பு வரும். மறுபடி ஒரு மிதி... பழைய சத்தம்.

அதில் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இந்தப் பெட்டிக்கு நிறையக் கம்பி ஆகாதாம். ஆறு கம்பியைச் சேர்த்துக் கொடுத்தால் கசமுசா என்று குழப்பிவிடுமாம். இரண்டு கம்பி போதுமாம். இரண்டையே பெரிதாக்கி, நீளமாக இழுத்து, சபை நிறையக் கொடுக்குமாம்.

இரண்டு கம்பி! மாதேஷிடம் இருப்பதும் இரண்டு விரல்தானே?

அன்றைக்கு என் கால் தரையில் நிற்கவில்லை. செய்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தடவை டிரான்சிஸ்டரின் காலை மாற்றி வைத்துவிட்டேன். மூச்சுப் பேச்சு இல்லை. இரண்டாம் தடவை சத்தம் வந்தது, நின்றது, வந்தது. இந்த ஜாதி டிரான்சிஸ்டருக்கு வெயில் ஆகாது. நம் ஊர் மத்தியான வெயிலில் சுருதி கெட்டுப் படுத்துவிடும். ஈரத்துணி போட்டால் எழுந்திருக்கும். பெங்களூரிலிருந்து மாதேஷ் கையாலேயே ஒரு டஜன் வாங்கி வரச் சொல்லி, ஒவ்வொன்றாகச் சோதித்ததில் இரண்டுதான் தேறியது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை எல்லாம் சரி. மரப்பெட்டிக்குள் வைத்து, ஆம்ப்ளிஃபயராக மட்டும் வைத்திருந்த பழைய ரேடியோவில் இணைத்து, ஸ்விட்சைப் போட்டேன்... கேழ்வரகுப் பயிரில் பூச்சி விழுந்தால் என்ன மருந்து அடிப்பது என்று ஒரு பெண் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். மரப்பெட்டி, ஆகாயத்தில் போகிற ரேடியோவை எல்லாம் உள்ளே விட்டுவிட்டது! உலோகப் பெட்டிதான் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

கண்ணில் பட்டது என் ஆபீஸ் டிபன் பாக்ஸ். அலுமினியம். அளவு கச்சிதம். டிரில்லை எடுத்து வைத்தேன். பிலோமினா பார்த்துவிட்டாள்.

“அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?”

“இதுக்குள்ளதான் சர்க்யூட். மேல மாதேஷ் காலால மிதிப்பாரு.”

“சோறு திங்கற டப்பாவை மிதிக்கறதா? புத்தி கித்தி இருக்குதா உங்களுக்கு?”

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னது நியாயம்தான். அன்றைக்கே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். என் வீட்டு மணி என்றைக்கு நேரத்துக்கு அடித்திருக்கிறது?

வேறு வழியில்லாமல் மாதேஷிடம் விஷயத்தை உடைத்தேன். நம்பவில்லை. ஆனாலும் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் சொல்லி, தகரத்தில் கெட்டியாக ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தார். மிதிக்கிற ஸ்விட்சுக்கு எங்கே போவது? அதையும் அவர்தான் கொண்டுவந்தார். எதிரே வண்டி வந்தால் லாரி டிரைவர் இடது காலால் ஒரு குமிழை அமுக்கி ஹெட்லைட்டைத் தாழ்த்துவாரே, அந்த டிம் ஸ்விட்ச். உடைப்புக்குப் போன லாரியிலிருந்து கழற்றியது. ஒரு மிதிக்கு ஒரு பக்கம், மறு மிதிக்கு மறு பக்கம். எனக்கு வேண்டியது அச்சு அசல் அதுதான். அமுக்கினால் ‘டக்’ என்று தெருவுக்கே கேட்கும். அது ஒரு குறையா?

எங்கள் வீட்டு மேஜையில் முதல் தடவை இரண்டு விரலால் கம்பியை அமுக்கி, குமிழைக் கையால் தட்டி, மாதேஷ் கம்பிகளை ஒரு மீட்டு மீட்டினார். ரேடியோ உறுமியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்... சத்தம் நிற்கவே இல்லை. நீண்டுகொண்டே போனது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமினா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காதைப் பொத்திக்கொள்ளாமல் அவள் என் கண்டுபிடிப்பு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோவிந்தனிடம் போனேன். அவர் ஏற்கெனவே சேலத்திலிருந்து வேறு கிடார்காரரைப் பேசிவிட்டார். பிலோமினாவின் தம்பி கல்யாண வரவேற்பு ஏரியூரில், அந்த வார ஞாயிற்றுக்கிழமை. கச்சேரி கோவிந்தன் குழு. அதைச் சாக்காக வைத்துக் கெஞ்சினேன்.

“உங்க வூட்டு விசேஷம். அதனால ஒத்துக்கறேனுங்க” என்றார் கோவிந்தன். “ஒரே ஒரு சான்ஸ். அன்னைக்கு சரியா வரலைன்னா, சேலத்துக்காரரை நிரந்தரமாப் போட்டுக்குவேன். அப்புறம் நீங்களும் கேக்கக்கூடாது, மாதேசும் கேக்கக்கூடாது.”

சரி என்றேன். இடையில் வந்தது ஆயுத பூஜை.

வியாழக்கிழமை. பெட்டிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, காயவைத்து, எடுத்துக்கொண்டு மாதேஷ் வீட்டுக்குப் போனேன். லாரியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டிருந்தார்கள். ஜாக்கி, ஸ்பேனர், கோடாலி எல்லாம் வரிசையாக ஒரு பலகைமேல். பரணிலிருந்து இறங்கி வந்த கிடாரும் அதில் இருந்தது. சரோஜா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் கையால் செய்த சாமான்! இத்தனை வருஷத்தில் ஒழுங்காக வேலை செய்த ஒரே சாமான்! அது மட்டும் பையில் கிடப்பதா?

“இதையும் வெய்யிம்மா” என்று பெட்டியை நானே கிடாருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பூஜை புனஸ்காரம் எதுவும் இல்லாத கத்தோலிக்கக் குடும்பத்துக்காரன் நான். யாரும் கேட்கவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை. நானே வைத்தேன். சரோஜா நடுவில் அழகாக ஒரு பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டோம். பொரிகடலை தின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஒத்திகை. கோவிந்தன் வீட்டு மாடி. பாட்டு ஆரம்பித்தது. கரகரப்பு வர வேண்டிய இடம் வந்தது. மாதேஷ் காலைத் தூக்கினார்.

தூக்கிய கால் அப்படியே நின்றது.

பாட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது. கோவிந்தன் அக்கார்டியனை நிறுத்திவிட்டு, “என்னப்பா?” என்றார்.

“முடியலீங்க” என்றார் மாதேஷ். பெட்டிமேல் இருந்த பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “நேத்து கும்பிட்டதுங்க. வாத்தியம் வேற. எப்படிங்க மிதிக்கறது?”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிபன் பாக்ஸுக்குப் பிலோமினா போட்ட சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. அடப்பாவி... நீயே கொண்டுபோய் வைத்தாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

என்னென்னவோ செய்து பார்த்தோம். கையால் அமுக்கலாமா? இரண்டு கையும் கிடாரில். தாளம் தட்டுகிற பாங்கோஸ்காரரைக் குச்சி வைத்து அமுக்கச் சொன்னோம். நாலு தடவையில் மூன்று தடவை தாளத்தைக் கோட்டைவிட்டார். பொட்டைத் துடைத்துவிட்டால் என்ன என்று கோவிந்தன் வாய்விட்டார். “வெச்ச பொட்டை அழிக்கறதுங்களா?” என்று மாதேஷ் பதறிய பதற்றத்தில், கோவிந்தனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொரு பெட்டி செய்ய டிரான்சிஸ்டர் இல்லை. பெங்களூர் போய்வந்து சோதித்து முடிப்பதற்குள் ஞாயிறு தாண்டிவிடும்.

கடைசியில் நான் மார்தட்டினேன். “மேடைக்குப் பின்னால நான் உக்காந்துக்கறேன். நீ தலையை ஆட்டு. நான் மிதிக்கறேன். எங்க வழக்கத்துல இந்தப் பொட்டெல்லாம் கிடையாது.”

மாதேஷ் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். “உங்களுக்கு இல்லீங்க சார். சரி. நான் கும்பிட்டதுன்னு தெரிஞ்சும் உங்களால மிதிக்க முடியுங்களா?”

“ஏன் முடியாது? முடியும்!” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ரோஷம்!

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பெட்டியைத் தரையில் வைத்தேன். எதிரே நின்றேன். காலைத் தூக்கினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன்... என் காலும் இறங்கவில்லை.

ஒன்றுக்கு மூன்று தடவை முயன்றேன். என் சாமி இல்லை, என் பொட்டு இல்லை. நானே பெயின்ட் அடித்து, நானே ஈயம் வைத்த தகரப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்ற மாதேஷின் முகம் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எப்படி மிதிப்பது? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்னுடைய ஜம்பம் ஒரு மனிதருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு மாதேஷ் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். அவர் தொப்பூருக்கு ஒரு லோடு எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சரோஜா தூக்குச் சட்டியை நீட்டிக்கொண்டு கீழே நின்றாள்.

“என்னாலயும் முடியல மாதேஷ்” என்றேன். “நான் போய் கோவிந்தன்கிட்ட சொல்லிடறேன். தப்பு என்னுதுதான்.”

“விடுங்க சார். ஆயித்து.” ஆஸ்பத்திரியில் சொன்ன அதே ‘ஆயித்து’. எனக்குச் சுருக்கென்றது.

ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதிலும் சந்தனம் காய்ந்து இருந்தது. கிளட்சை மிதித்தார். இன்ஜின் உறுமியது.

“வண்டியை நிறுத்துங்க” என்றாள் சரோஜா.

“என்னா?”

“நிறுத்துங்கன்னு சொல்றனுல்ல?”

நிறுத்தினார். அவள் தூக்குச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, படியில் ஏறி நின்றாள். “குனிஞ்சு உங்க காலைப் பாருங்க.”

மாதேஷ் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கிளட்சில் ஒரு பொட்டு. பிரேக்கில் ஒரு பொட்டு. ஆக்சிலேட்டரில் ஒன்று. கிளட்சுக்குப் பக்கத்தில் இருந்த டிம் ஸ்விட்ச் குமிழில்கூட ஒன்று. பாதி அழிந்து, பாதி அவர் உள்ளங்காலில் ஒட்டியிருந்தது.

“வியாழக்கிழமை நாந்தான் வெச்சேன். எல்லாத்துக்கும் ஒரே கிண்ணத்துல இருந்துதான் வெச்சேன். நேத்து காலையில இதை மிதிச்சுத்தான பாலக்கோடு போயிட்டு வந்தீங்க? இதுக்கு இல்லாத பாவம் அதுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?”

“இது வேலைக்கு. அது வாத்தியம்...”

“வயித்துக்குன்னா மிதிக்கலாம். உங்களுக்குன்னா மிதிக்கக்கூடாதா?” அவள் குரல் உடைந்தது. “எத்தனை நாளைக்குங்க அந்தச் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க? நானும் எத்தனை நாளைக்கு உங்களைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்?”

 மாதேஷ் பெடல்களையே பார்த்தார். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினார், அந்த இரண்டு விரல் போன கையை. பெட்டியைக் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஏரியூர். பந்தலில் சம்பந்தி வீட்டார், நாலு ஊர் ஜனம். எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் அக்கா புருஷன் பந்தி கவனிக்காமல் மேடைக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பது ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள்.

மாதேஷ் மேடை ஏறினார். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டார். பெட்டிமேல் சுற்றியிருந்த ஈரத்துண்டை எடுத்தார். பொட்டு அப்படியே இருந்தது. குனிந்து, இரண்டு கையாலும் பெட்டியைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.  அது கும்பிட்டதா, அனுமதி கேட்டதா... எனக்குத் தெரியாது. நிமிர்ந்தார்.

மூன்றாவது பாட்டு. இடம் வந்தது. பிலோமினா என் முழங்கையைப் பிடித்து நெரித்தாள்.

‘டக்!’

அடேயப்பா! பந்தலே அதிர்ந்தது. மைக் செட் வைத்திருந்தவர் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து வயரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்தியது அடியேன்தான். இரண்டே விரல். இரண்டே கம்பி. அந்தச் சத்தம் நீண்டு, சுழன்று, இறங்கி வந்து பாட்டோடு சேர்ந்துகொண்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து பார்த்தார்கள். கோவிந்தன் அக்கார்டியனை இழுத்துக்கொண்டே திரும்பி மாதேஷைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சேலத்துக்காரர் சேலத்திலேயே இருக்கலாம் என்று அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம்.

‘டக்.’ நின்றது. உடனே மாதேஷ் குனிந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குள் அடுத்த அடி ஓடிவிட்டது! ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கும்பிடு என்றால் பாட்டு என்னாவது என்று கோவிந்தன் அப்புறம் சண்டை போட்டு, கச்சேரிக்கு முன்னால் ஒன்று, முடிந்தபின் ஒன்று என்று ஒப்பந்தம் ஆனது.

கச்சேரி முடிந்து மேடையிலிருந்து இறங்கியவரிடம், “எப்படி இருந்துச்சு மாதேஷ்?” என்றேன்.

“ஆயித்துங்க சார்!” என்றார். அதே வார்த்தைதான். இந்தத் தடவை சிரிப்பு முழுசாக வந்தது.

இந்த நாலு வருஷமாக எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. காலில் பட்டால் கும்பிடுகிறோமே... எதை எல்லாம் காலில் படாமல் உயரத்தில் எடுத்து வைத்துவிட்டோம்? மரியாதை என்று சொல்லி, துணி சுற்றி, பரண்மேல்? புழங்காத சாமானுக்கு எவ்வளவு மரியாதை கொடுத்து என்ன? பஸ்ஸில் அந்தச் செருப்பு மூட்டைக்குப் போட்ட கும்பிடைக்கூட நான் வாபஸ் வாங்கப்போவதில்லை. யோசித்துப் பார்த்தால், என்னைத் தினமும் சுமக்கிற சாமான்தானே அது? சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

பெட்டி இன்னும் மாதேஷிடம்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் இன்னும் ஈரத்துண்டு கேட்கிறது. எப்போதாவது கேழ்வரகுப் பூச்சியைப் பற்றியும் பேசுகிறது. போன ஆயுத பூஜைக்குப் போயிருந்தேன். சரோஜா இந்தத் தடவை பொட்டைப் பெட்டியின் நடுவில் வைக்கவில்லை. கால் படுகிற அந்தக் குமிழின் தலையிலேயே வைத்தாள்.

“ஏம்மா, அங்கயா வெக்கற? மிதிபட்டு அழிஞ்சிடுமே?”

“அழியட்டுங்க அண்ணா. அழியாம இருந்தாத்தான் எனக்கு பயம்.”

நேற்று அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன்... சுத்தமாக அழிந்திருந்தது.